வீட்டில் கூட்டம் கூடினால் எரியும் ஆம்ப்: காவேரிப்பட்டினத்து நிகழ்வு ஒன்று

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் கடை. டிவி, யுபிஎஸ், இன்டக்‌ஷன் அடுப்பு இவைதான் சோறு போடுகின்றன. ஆம்ப்ளிஃபையர் மாதத்துக்கு நாலைந்து வரும். அதை ஆசைக்குப் பார்க்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். சரிசெய்து கொடுத்த பெட்டி இரண்டு வாரத்துக்குள் அதே புண்ணோடு திரும்பி வருவதைவிட இந்தத் தொழிலில் வெட்கக்கேடு வேறில்லை. அப்படித் திரும்பி வந்த ஒரு பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தப்பில் பாதி என்னுடையது, அதையும் சேர்த்து.

கடைக்கு வந்தபோது

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் காலை. காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருவர் எக்ஸ்எல் வண்டியின் முன்னால் ஆம்ப்பை வைத்து, மேலே பழைய போர்வை சுற்றிக் கொண்டுவந்தார். அறுபதைத் தாண்டியவர். மாங்கூழ் ஆலையில் நெடுங்காலம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைக்குப் பஞ்சமில்லை. தோத்தாபுரி என்று வெளியூரில் சொல்கிற நம் பெங்களூரா பழம்தான் அவற்றுக்குத் தீனி. சீசன் முடிந்தால் பாய்லர்காரருக்கு வேலை குறையும். அந்த மாதங்களில் பாட்டுக் கேட்டுப் பழகியவர், ஓய்வு பெற்றதும் பெங்களூருவில் பழைய சாமான் விற்கிற இடத்தில் இந்த ஆம்ப்பைப் பிடித்திருக்கிறார்.

"பாடிக்கிட்டே இருந்துச்சு தம்பி. கருகின வாசனை வந்துச்சு. அவ்ளோதான்."

ஜப்பான் தயாரிப்பு, ஒரு சேனலுக்கு 8 ஓமில் 60 வாட் (ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு). உள்ளே பிளஸ் 40, மைனஸ் 40 வோல்ட் சப்ளை. சேனலுக்கு ஒரு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர், 2எஸ்சி3281, 2எஸ்ஏ1302. இடது சேனலில் அந்த ஜோடி ஷார்ட், 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் இரண்டும் வெடித்து ஓடு கழன்றிருந்தன. ஆபத்தென்றால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே நல்லபடி விலகியிருந்ததால் பெட்டிகள் தப்பித்தன. இல்லாவிட்டால் 40 வோல்ட் டிசி நேராக ஸ்பீக்கர் கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் ஏறியிருக்கும்.

3281, 1302 இரண்டும் எப்போதோ உற்பத்தியிலிருந்து போய்விட்டன. இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் போலி. அவற்றுக்குப் பதிலாக வந்த 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியைப் போட்டேன். சீரிஸ் லேம்ப் (கரண்டை அடக்கத் தொடராக மாட்டும் பல்பு) வைத்து மெல்ல ஏற்றி, பாட்டில்லாதபோது ஓடும் கரண்டான பயாஸைச் சரிபார்த்து, 8 ஓம் டம்மி லோடில், அதாவது ஸ்பீக்கருக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டரில், இரண்டு மணி நேரம் ஓட்டினேன். டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டேன். அவர் வீட்டில் என்ன ஸ்பீக்கர் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொடுத்தனுப்பிய பதினோராம் நாள்

ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியிருந்தன. அதே எக்ஸ்எல், அதே போர்வை. இம்முறை இரண்டு சேனலும் போயிருந்தன.

முதல் சந்தேகம், மெக்கானிக்குகள் எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான். டிரான்சிஸ்டர் டூப்ளிகேட்டோ? பழுதான ஒன்றை வைஸில் வைத்து உடைத்துப் பார்த்தேன். போலிகளில் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு சின்னஞ்சிறிதாக இருக்கும், வெளியே மட்டும் பெரிய உடம்பு. இதில் சில்லு தக்க அளவுக்கு இருந்தது. சரக்கின்மேல் பழி போட வழியில்லை.

அடுத்து போர்டைக் கழற்றித் திருப்பி, முதல் தடவையே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன்: ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்பது. வயர் கட்டுக்குப் பின்னால், அவுட்புட்டில் கரண்ட் எல்லை மீறினால் டிரைவர் டிரான்சிஸ்டரை அடக்கி ரிலேயையும் விலக்கும் சின்ன டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இரண்டு சேனலிலும் அவற்றின் கால் ஒன்று வெட்டி நிமிர்த்தப்பட்டிருந்தது. தானாக உடைந்ததில்லை, கட்டர் வைத்து வெட்டியது. யாரோ காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டார்கள். முதல் தடவை அதை நான் பார்க்கவில்லை. 8 ஓம் டம்மியில் அந்தக் காவலுக்கு வேலையே வராது என்பதால் என் சோதனையிலும் அது வெளிப்படவில்லை.

ஏன் வெட்டினார்கள்? ஆம்ப்பின் சொந்தக்காரருக்குப் போன் போட்டேன். அண்ணன் யோசித்துச் சொன்னார்: "பொங்கலப்போ பாட்டு நடுவுல டிக்னு நின்னு நின்னு வந்துச்சு. இங்கயே ஒருத்தர்கிட்ட குடுத்தேன். அப்புறம் டிக் வரல."

டிக் வரவில்லை, நிஜம். அந்த டிக்தான் ஏழு மாதம் கழித்து எரிய வேண்டியதைப் பொங்கலன்றே எரியவிடாமல் காத்தது.

எனக்கு இன்னொன்று உறுத்தியது. பொங்கல், ஆடி பதினெட்டு, இப்போது என்ன? பேரனுக்குக் காதுகுத்து என்றார். நடுவில் ஆறேழு மாதம் நாள்தோறும் பாடியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. கோளாறு ஆம்ப்பில் மட்டும் இருந்தால் நாள் கிழமை பார்த்து வராது. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுக் காவேரிப்பட்டினம் போனேன். மேசைமேல் சோதிப்பதற்காக நானே மரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்த எஸ்டிகே4141 ஐசி போட்ட சின்ன ஆம்ப் ஒன்று, சேனலுக்கு 25 வாட், அதையும் அவருடைய ஆம்ப்போடு கூடவே எடுத்துப் போனேன்.

வீட்டில்

விடை சொன்னது அண்ணன் இல்லை, அண்ணி. காபி கொண்டுவந்து வைத்தவர், நான் கேட்ட கேள்வி காதில் விழுந்து, "ஜனம் வந்தாத்தான் மாடி ஸ்பீக்கரையும் போடுவாரு. நாங்க ரெண்டு பேரு இருக்கறப்ப மாடிக்கு எதுக்குப் பாட்டு?" என்றார்.

அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதே இல்லை. ஆம்ப்பின் முகப்பில் ஸ்பீக்கருக்கு ஏ, பி என்று இரண்டு பட்டன். ஏ-யில் ஹால் பெட்டிகள். மார்கழியில் பி-யிலும் ஒரு ஜோடி ஏறியிருக்கிறது: பழுதான ஹோம் தியேட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய 6 ஓம் பெட்டிகள், மாடி வராந்தாவில். விசேஷ நாளில் இரண்டு பட்டனும் அமுங்கும்.

"ஓம் எல்லாம் பாத்துத்தான் தம்பி மாட்டினேன்" என்று அண்ணன் என்னை ஆம்ப்பின் பின்பக்கத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே அச்சில் இருந்தது: ஏ அல்லது பி என்றால் 4 முதல் 16 ஓம், ஏ-யும் பி-யும் சேர்ந்தால் 8 முதல் 16 ஓம். ஹால் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு 8 ஓம் என்றது. மாடிப் பெட்டி 6 ஓம். "எட்டும் ஆறும் பதினாலு. எட்டுக்கும் பதினாறுக்கும் நடுவுல வருதில்ல?"

ஒரு நிமிடம் எனக்கே சிரிப்பதா பாராட்டுவதா என்று தெரியவில்லை. தப்பான கணக்கு, ஆனால் சரியான விடை மாதிரி அச்சாகப் பொருந்துகிறது! மைக்செட் வைத்திருக்கும் அவருடைய நண்பர் ஒருவரும் ஆமோதித்திருக்கிறார்.

ஓம்களைக் கூட்டுவது, ஒன்றன் வாலில் அடுத்ததன் தலை என்று தொடராகக் கோக்கும்போதுதான். பெரும்பாலான ஆம்ப்களில் ஏ, பி இரண்டும் ஒரே அவுட்புட்டில் பக்கம் பக்கமாகத் தொங்கும். அப்போது இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 8-ம் 6-ம் பதினாலு ஆகாது, 48-ஐ 14-ஆல் வகுத்தால் வருகிற 3.4 ஆகும். பின்பக்கத்து எழுத்தின் பொருளும் இதுதான்: இரண்டு ஜோடியையும் போடுவதானால் ஒவ்வொரு பெட்டியும் 8 ஓமுக்குக் குறையக் கூடாது. இரண்டு 8 சேர்ந்தால் 4, அதுதான் அந்த ஆம்ப் தாங்கும் கடைசிப் படி. (சில பழைய ஆம்ப்கள் இரண்டு பட்டனையும் அமுக்கும்போது தொடராக மாற்றிவிடும். சோதிப்பது எளிது: இரண்டையும் போட்டுவிட்டு ஆம்ப்பை அணைத்து ஏ வயரைக் கழற்றுங்கள். ஆம்ப்பை மறுபடி ஆன் செய்யும்போது பி-யும் ஊமையானால் தொடர்.)

ஆக, சீட்டை நம்பினாலே 3.4 ஓம், எல்லைக்குக் கீழே. சீட்டை நான் நம்பவில்லை.

அளந்தது

ஹால் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அரையடி குறைவு, நல்ல கைவேலை. உள்ளூர் தச்சர் செய்தது. ஒவ்வொன்றிலும் தாழ்ந்த ஒலிக்கு எட்டங்குல வூஃபர் இரண்டு, மேலே கூர்மையான ஒலிக்கு ஒரு ட்வீட்டர். மல்டிமீட்டரை ஓம் வைத்துப் பின்பக்க டெர்மினலில் தொட்டேன்: 3.1.

8 ஓம் வூஃபர் மீட்டரில் 8 காட்டாது, பலர் இங்கே பயந்துவிடுகிறார்கள். மீட்டர் அளப்பது காயில் கம்பியின் டிசி ரெசிஸ்டன்ஸை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் நிற்கும், 4 ஓமுக்கு மூணேகால், மூணரை. 3.1 வந்தால் அது 8 ஓம் பெட்டி இல்லவே இல்லை. பின்பலகையைக் கழற்றினோம். 8 ஓம் வூஃபர் இரண்டும் பக்கம் பக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. வூஃபரின் முதுகில் இருந்த 8-ஐப் பார்த்துப் பெட்டிக்கும் 8 என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். தச்சர்மேல் கோபம் வரவில்லை, அவர் வேலை மரம்.

டிசி அளவு திருடனின் செருப்பைப் பார்ப்பது மாதிரி, ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் ஏசி கொடுத்து அளக்க வேண்டும். இம்பிடன்ஸ், அதாவது ஏசிக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, ஒரே எண் கிடையாது, சுருதிக்குச் சுருதி மாறும் வளைவு. கூம்பு இயல்பாக ஆடத் துடிக்கும் இடத்தில் முப்பது, நாற்பது ஓம் வரை எகிறும், அதைத் தாண்டியதும் பள்ளத்தில் இறங்கும், மேல் ஸ்தாயியில் காயிலின் இண்டக்டன்ஸால் மறுபடி ஏறும். சீட்டில் எழுதும் எண் வெறும் பெயர். சர்வதேச அளவீட்டு விதி ஒன்று உண்டு: பெயர் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே வளைவு எங்கும் இறங்கக் கூடாது. 8 ஓம் பெட்டி 6.4-க்குக் கீழே, 4 ஓம் பெட்டி 3.2-க்குக் கீழே போகலாகாது.

இதை வீட்டில் அளக்கப் பெரிய கருவி வேண்டாம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப், ஒரு ஆம்ப், 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மில்லிவோல்ட் ஏசி படிக்கும் மீட்டர். ஆம்ப் அவுட்புட்டை 10 வோல்ட் ஏசிக்கு நிறுத்தி, 1000 ஓமைத் தொடராகப் போட்டு ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஏறக்குறைய 10 மில்லிஆம்ப் ஓடும். ஸ்பீக்கர் முனைகளில் படிக்கும் மில்லிவோல்ட்டைப் பத்தால் வகுத்தால் ஓம். 80 மில்லிவோல்ட் என்றால் 8 ஓம். உச்சி ஓமில் நாலு சதவீதம் போல் தப்பும், அங்கே நமக்குக் கவலையில்லை. ஒரு எச்சரிக்கை: மஞ்சள் நிற டிடி830டி மீட்டரால் இது நடக்காது. அதில் ஏசிக்கு ஆகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட். நான் முதன்முதலில் அதை வைத்துப் பார்த்து, எல்லா ஸ்பீக்கரும் பூஜ்யம் என்று குழம்பிய நாள் ஒன்று உண்டு.

ஹால் பெட்டி: 62 ஹெர்ட்ஸில் 24 ஓம் உச்சி, 180 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 3.4 ஓம் பள்ளம். சுத்தமான 4 ஓம் பெட்டி. விதியின் 3.2-க்கு மேலே நிற்கிறது, அதனால் ஏ மட்டும் போட்ட நாட்களில் ஆம்ப் முறையிடவில்லை. மாடிப் பெட்டி: பள்ளம் 5.3 ஓம், கொஞ்சம் மேல் ஸ்தாயியில். இரண்டையும் சேர்த்துக் கட்டி அளந்தபோது 200 ஹெர்ட்ஸை ஒட்டி 2.3 ஓம்.

200 ஹெர்ட்ஸ் என்பது சும்மா கிடக்கும் இடமில்லை. ஆண் குரலின் அடிப்பகுதி, தவிலின் தொப்பி, பேஸ் கிட்டாரின் மேல் பகுதி எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் புழங்கும்.

வயரைப் பற்றியும் ஒரு பழி இருந்தது. மாடிக்குப் போன 23/76 வயர் மெலிசு, அதனால்தான் பொங்கலன்று நின்றது என்று யாரோ சொல்லி, வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயராக மாற்றியிருந்தார்கள். தூரம் 14 மீட்டர், போய்வர 28. பழைய வயர் ஏறக்குறைய 0.7 ஓம், புதியது 0.2. மாடியில் ஒரு டெசிபெல்லுக்கும் குறைவாகவே சத்தம் கூடியிருக்கும். ஆம்ப்பின் தலையில் இருந்த சுமைக்கோ, இந்த அரை ஓமால் பெரிய வித்தியாசமில்லை. வயர் நிரபராதி.

2.3 ஓமில் என்ன நடக்கிறது

ஒரு கணத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டில் ஒரு தட்டு, அவுட்புட் 20 வோல்ட்டில் நிற்கிறது. 8 ஓமாக இருந்தால் 2.5 ஆம்பியர். 2.3 ஓம் என்றால் 8.7 ஆம்பியர். சப்ளை 40, அவுட்புட் 20. மீதி 20 வோல்ட் டிரான்சிஸ்டரின் மேலேயே விழுகிறது. 20-ஐ 8.7-ஆல் பெருக்கினால் அந்தக் கணத்தில் ஒரே டிரான்சிஸ்டரில் 174 வாட் சூடு.

5200-இன் டேட்டா ஷீட்டில் 150 வாட் என்று இருக்கிறதே என்பார்கள். அது உடம்பை 25 டிகிரியில் வைத்திருந்தால். ஒவ்வொரு டிகிரிக்கும் 1.2 வாட் கழித்துக்கொண்டே வர வேண்டும். காதுகுத்து வீட்டில், ஷோகேஸுக்குள், மேலே பூச்சட்டி வைத்து மூடிய ஆம்ப்பில் டிரான்சிஸ்டர் உடம்பு 80 டிகிரி என்றால் மிஞ்சுவது 84 வாட். தட்டு ஒரு கணம்தான், சராசரிதானே முக்கியம் என்றால் சராசரியும் ஆறுதல் தராது. இந்த வகை ஆம்ப் முழுச் சத்தத்தில் சூடாவதைவிட நடுச்சத்தத்தில்தான் அதிகம் சூடாகும். அந்த உச்சச் சூடு, 40 வோல்ட் சப்ளையில், 8 ஓமுக்கு ஜோடிக்கு 40 வாட், 2.3 ஓமுக்கு 140 வாட். ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் 70. 84-க்கு அருகே வந்துவிட்டது, அதுவும் டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன பழைய பேஸ்ட்டையும் மைக்காவையும் கணக்கில் சேர்க்காமல்.

காவல் டிரான்சிஸ்டர் விழித்திருந்தால் 8.7 ஆம்பியருக்கு முன்பே டிக் என்று நிறுத்தியிருக்கும். பொங்கலன்று அதைத்தான் செய்தது.

பம்ப்

இதையெல்லாம் தாளில் எழுதிக் காட்டியபோது அண்ணன் பாதியில் நிறுத்தினார்.

"தம்பி, சென்ட்ரிஃபியூகல் பம்பை நாங்க எப்படி ஸ்டார்ட் பண்ணுவோம் தெரியுமா? டெலிவரி வால்வை மூடி வச்சு. அப்ப ஆம்பியர் கம்மி. வால்வைத் திறக்கத் திறக்க மீட்டர் ஏறும். பைப்பே இல்லாம ஓப்பனா விட்டா மோட்டார் காயில் போயிடும். இது அதேதானே?"

அதேதான். இதைவிட நல்ல உவமையை நான் இருபது வருடமாகத் தேடியிருக்கிறேன், கிடைத்தது ஒரு பாய்லர்காரரிடம். டிரான்சிஸ்டர் ஆம்ப் அழுத்தத்தை நிலையாக வைத்துக்கொண்டு, எதிரே எவ்வளவு திறப்போ அவ்வளவு தள்ளும். ஓம் குறைவது வால்வு திறப்பது. ஸ்பீக்கரே மாட்டாமல் ஓட்டினாலும் அதற்கு நஷ்டமில்லை, வால்வு மூடிய பம்ப் அது.

"அப்ப எங்க மைக்செட்காரன், லோடு இல்லாம ஆம்ப்பைப் போட்டா எரிஞ்சிடும்னு சொல்றானே?"

அவர் சொல்வதும் பொய்யில்லை. அது வால்வு ஆம்ப் காலத்து ஞானம். இந்த வால்வு பம்பின் வால்வு இல்லை, டிரான்சிஸ்டருக்கு முன்பு அதன் வேலையைச் செய்த கண்ணாடிக் குழாய். வால்வு ஆயிரக்கணக்கான ஓமை எதிர்பார்க்கும், ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்து ஒன்றை மற்றதாகக் காட்டும். ஈஎல்84 என்கிற வால்வு ஜோடிக்கு 8000 ஓம் என்று வைத்தால் 8-க்கும் அதற்கும் ஆயிரம் மடங்கு. சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், சுமார் 31.6. அங்கேதான் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும், ஸ்பீக்கரைப் பார்த்து முனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 8 முனையில் 4 ஓமை மாட்டினால் வால்வு 4000-ஐப் பார்க்கும். ஒன்றுமே மாட்டாவிட்டால் டிரான்ஸ்பார்மருக்குள் வோல்ட்டேஜ் எகிறிக் காப்பு வெடிக்கும்.

"புரிஞ்சிடுச்சு. அது பிளஞ்சர் பம்ப். டெலிவரியை மூடிட்டு ஓட்டினா ஹெட்டைப் பிச்சுக்கிட்டுப் போகும்."

ஆம்ப்பின் ஓமையும் ஸ்பீக்கரின் ஓமையும் பொருத்துவதை மேட்ச் பண்ணுவது என்பார்கள், அந்தச் சொல்லே அங்கிருந்துதான் வீட்டு ஸ்டீரியோவுக்குள் வழிதவறி வந்தது என்பது என் எண்ணம். வால்விலும், ஆன்டெனாவிலும், மைக்செட்டின் 100 வோல்ட் லைனிலும் அதற்கு வேலை உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் சொந்த ஓம், 0.1-ஐச் சுற்றியோ அதற்கும் கீழோ இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 8 ஓம் ஆம்ப் என்று நிஜமாகவே மேட்ச் செய்தால் பாதி வாட் ஆம்ப்புக்குள்ளேயே வெந்துபோகும். ஆம்ப்பின் முதுகில் 8 என்று எழுதியிருந்தால் எட்டுக்குக் கீழே இறங்காதே என்று பொருள். எட்டாகவே இரு என்று பொருளில்லை. 16 ஓம் மாட்டினால் வாட் பாதியாகும், ஆம்ப் நிம்மதியாகத் தூங்கும்.

என்னென்ன செய்து பார்த்தோம்

வழி நாலு இருந்தது, ஒன்று நாங்களே முயன்று கைவிட்டது.

ஹால் பெட்டியின் இரண்டு வூஃபரையும் தொடராக மாற்றினால் பெட்டி 16 ஓம் ஆகும். 16-ம் 6-ம் சேர்ந்தால் 4.4, ஆம்ப் தாங்கும். அன்று மாலையே ஒரு பெட்டியில் மாற்றிப் போட்டோம், என் சோதனை ஆம்ப்பை வைத்தே. கேட்டதும் அண்ணி முகம் சுளித்தார். வூஃபர் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட்டேஜ்தான் கிடைக்கிறது, 6 டெசிபெல் இறங்கிவிட்டது. ட்வீட்டர் பழைய இடத்திலேயே நிற்கிறது. பாடகர் மூக்கடைத்துக்கொண்டு பாடுவது போலவும், ஜால்ரா மட்டும் நம் காதுக்குள் உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது. ட்வீட்டரையும் அடக்கலாம், ஆனால் அப்போது மாடிப் பெட்டி ஹாலை மிஞ்சிக் கத்தும். பழையபடி மாற்றிவிட்டோம்.

ஹால் பெட்டியையும் மாடிப் பெட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோக்கலாமா என்று அவரே கேட்டார். ஓம் 10 ஆகும், ஆபத்தில்லை. ஆனால் வளைவுகள் வேறு வேறு. 62 ஹெர்ட்ஸில் ஹால் பெட்டி 24 ஓம் பிடித்துக்கொள்ளும், மாடிக்கு எட்டுவது வோல்ட்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு. மேலே போகப் போகப் பங்கு மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு அறையிலும் இரண்டு விதமான கெட்ட சத்தம்.

பெரிய வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போடுவது சிலர் செய்கிற வேலை. சூட்டை டிரான்சிஸ்டரிலிருந்து ரெசிஸ்டருக்கு மாற்றுவது, கூடவே ஆம்ப் கூம்பின்மேல் வைத்திருக்கும் பிடியையும் தளர்த்துவது. பேஸ் தொளதொளவென்று ஆகும். எனக்குப் பிடிக்காது, சொல்லிவிட்டேன்.

நாலாவது வழி எங்கள் கண்ணெதிரே தரையில் கிடந்தது. அளக்கக் கொண்டுபோன எஸ்டிகே பெட்டி. 25 வாட்டே மாடி வராந்தாவுக்கு ஏராளம். 60-க்கும் 25-க்கும் காதில் வித்தியாசம் 4 டெசிபெல்கூட இல்லை. எஸ்டிகே4141 8 ஓமுக்கு உரியது, மாடிப் பெட்டி 6. அதனால் டிரான்ஸ்பார்மரின் குறைந்த டேப்பிலிருந்து சப்ளை எடுத்து வோல்ட்டேஜை இறக்கினேன், ஹீட் சிங்கைப் பெரிதாக்கினேன். பெரிய ஆம்ப்பில் ரெக்கார்டருக்குச் சிக்னல் கொடுக்கும் ரெக் அவுட்டிலிருந்து கவச வயர் ஒன்று சின்ன ஆம்ப்புக்கு. ரெக் அவுட், வால்யூம் திருகுக்கு முன்னாலேயே கிளம்புவது. ஹாலில் குறைத்தாலும் மாடியில் குறையாது, மாடிக்குத் தனித் திருகு. விசேஷ வீட்டில் இதுவே வசதி என்று அண்ணி சொன்னார். மாடியில் பிள்ளைகள், ஹாலில் பெரியவர்கள்.

பெரிய ஆம்ப்பை மறுபடி கடைக்குக் கொண்டுவந்து, இரண்டு சேனலுக்கும் டிரான்சிஸ்டர், புது மைக்கா, புது பேஸ்ட், வெட்டிய காவல் டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் புதியவை. இம்முறை டம்மி லோடு 8 ஓமில் நிறுத்தவில்லை. 4 ஓமில் ஒரு மணி நேரம். கடைசியாக வேண்டுமென்றே 2 ஓமை மாட்டி வால்யூமை ஏற்றினேன். டிக். இந்தச் சத்தத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை. இரண்டாம் தடவை வேலைக்குக் கூலி வாங்கவில்லை, பொருள் காசு மட்டும்.

தீபாவளி

தீபாவளியன்று மகள் குடும்பம், மருமகன் வீட்டார் எல்லாரும் வந்திருக்கிறார்கள். காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை ஓடியிருக்கிறது. அன்று சாயங்காலம் பலகாரப் பொட்டலத்தோடு போனவன், மறுபடி ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்பின் ஹீட் சிங்கில் வெப்பமானியைக் காட்டினேன். 51 டிகிரி. பூச்சட்டி ஜன்னலுக்குப் போயிருந்தது.

முகப்பில் பி பட்டனைத் தேடினேன், காணவில்லை. கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் நூலில் கட்டிய சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. பாய்லர் அறையில் வேலை நடக்கும்போது வால்வில் மாட்டுவார்களே, அதே அட்டை, ஆலையிலிருந்து எப்போதோ எடுத்து வைத்திருந்தது போலும். இந்தப் பக்கம் "திறக்காதே". திருப்பினால் பேனாவில் எழுதியிருந்தார்: "4-ம் 6-ம் பத்து இல்லை. 2.4."

என் சோதனை ஆம்ப் மாடியில் பாடிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிக் கேட்கலாம் என்றுதான் போயிருந்தேன். கேட்கவில்லை. கடைக்கு வேறொன்று பூட்டிக்கொண்டிருக்கிறேன்.